யாருமே சாவாத கதை இருக்குதாக்கா?

சென்ற ஆண்டு ஜூலையில் ஒரு சனிக்கிழமை. எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளை, நான் கொடுத்த புத்தகத்தை இருபது பக்கம் படித்துவிட்டு மூடி மேசைமேல் வைத்தாள். "நல்லா இல்லையாம்மா?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான்கா இருக்குது. ஆனா நம்மளப் பத்தின கதைன்னாலே யாராச்சும் அடி வாங்குறாங்க, இல்லன்னா செத்துப் போறாங்க. யாருமே சாவாத கதை இருக்குதாக்கா?"

இரண்டு பீரோக்களிலும் தேடினேன். அன்று அவளிடம் எடுத்துக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

அங்கே இருக்கும் அறுநூற்றுச் சொச்சம் புத்தகங்களில் பாதிக்கு மேல் நான் தேர்ந்தெடுத்தவை. சாதி வன்கொடுமை வழக்குகளின் ஆவணங்கள்தான் என் முனைவர் பட்ட ஆய்வுக் களம். தீர்ப்புகள், முதல் தகவல் அறிக்கைகள், உண்மை அறியும் குழுக்களின் அறிக்கைகள் என்று வாரத்தில் ஐந்து நாளும் மரணங்களைப் படிக்கிறவள் நான். ஆறாம் நாள் பிள்ளைகளைப் பார்க்க வரும்போதும் அதையே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன் என்பது அவள் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

எங்கள் நூலகம் விழுப்புரம் மாவட்டத்துச் சேரி ஒன்றில், அம்பேத்கர் இரவுப் பாடசாலைக்குள் இயங்குகிறது. இளைஞர் மன்றத்துக்காரர்கள் வீட்டுக்கு வீடு வசூலித்துக் கட்டிய ஒற்றை அறை. இரண்டு டியூப்லைட், நாலு பாய், ஒரு மேசை, ஒரு கேரம் போர்டு. நான்கு ஆண்டுகளாக நடத்துகிறோம். வார நாட்களில் மாலை ஆறு மணிக்குக் கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவரும் தங்கை ஒருவரும் திறக்கிறார்கள். சனி, ஞாயிறு நான் போகிறேன்.

"பிள்ளைகள் ஆர்வமா வர்றாங்களா?" என்று பல்கலைக்கழகத்தில் நண்பர்கள் கேட்பார்கள். வருகிறார்கள். ஆனால் முதலில் யாரும் புத்தகத்துக்காக வருவதில்லை. வீட்டில் ஒரே அறை, அங்கே டிவி ஓடுகிறது, அதனால் வீட்டுப்பாடம் எழுத ஒருத்தி வருகிறாள். அக்காவுக்குப் பிரசவம் ஆன வீட்டில் இடமில்லாமல் ஒருவன் வருகிறான். பத்து வயதுப் பிள்ளை இடுப்பில் தம்பியைச் சுமந்துகொண்டு வந்து, அவனை மடியில் போட்டபடி படக்கதை பார்க்கிறது. அவன் பக்கத்தைக் கிழித்தால் என் முகத்தைப் பார்க்கிறது. நாங்கள் அபராதம் போடுவதில்லை. செலோடேப் ஒட்டிக்கொள்கிறோம்.

பதினைந்து, பதினாறு வயதுப் பையன்கள் கதவோரம் சாய்ந்து நிற்பார்கள். உள்ளே வந்தால் சின்னப் பிள்ளை என்று பேராகிவிடுமாம். கேரம் போர்டு அவர்களுக்காகத்தான் வைத்தது. வரிசை வரும்வரை காத்திருப்பவன் பக்கத்தில் கிடக்கும் செய்தித்தாளை எடுப்பான். விளையாட்டுப் பக்கம் முடிந்தால் வேறு பக்கம் புரட்டுவான். ஒரு நாள், "கல்வி உதவித்தொகைக்கு இந்த ஃபார்ம ரொப்பித் தர்றீங்களாக்கா?" என்பான். அதோடு உள்ளே வந்துவிடுவான்.

வாசிப்புப் பழக்கம் குறைந்துவிட்டது என்று ஒவ்வொரு புத்தகக் காட்சி மேடையிலும் புலம்புகிறார்கள். எங்கள் பிள்ளைகளைப் பொறுத்தவரை பழக்கம் என்பது இரண்டாவது பேச்சு. யாரும் எழுப்பிவிடாமல் உட்கார ஓர் இடம் இருக்கிறதா என்பதுதான் முதல் பேச்சு.

எங்கள் ஊராட்சியில் அரசின் ஊர்ப்புற நூலகமும் இருக்கிறது. சேரியிலிருந்து முக்கால் கிலோமீட்டர். ஊருக்குள், கோயில் தெருவைத் தாண்டிப் போக வேண்டும். முதல் ஆண்டில் ஏழு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போனேன். நூலகர் கெட்டவர் இல்லை. சிரித்த முகமாகத்தான் இருந்தார். முதலில் நின்ற பையனிடம், "நீ யார் வீட்டுப் பிள்ள?" என்று கேட்டார். பையன் அப்பா பேரைச் சொன்னான். "எந்தத் தெரு?" என்றார். அவன் என்னைப் பார்த்தான். அதற்குப் பிறகு அவர் எல்லோருக்கும் புத்தகம் எடுத்துக் காட்டினார், உட்காரவும் சொன்னார். ஏழு பேரில் ஒருவரும் மறுபடி அங்கே போகவில்லை.

வெளியூர் நண்பர்களுக்கு இதைச் சொன்னால், அவர் சாதாரணமாகத்தானே கேட்டார் என்பார்கள். சாதாரணமாகத்தான் கேட்டார். தமிழ்நாட்டில் சாதியைக் கேட்க யாரும் சாதி என்ற சொல்லைப் பயன்படுத்துவதில்லை. யார் வீடு, எந்தத் தெரு, எந்த ஸ்டாப்பில் இறங்குவாய் என்று கேட்டால் போதும். அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். நல்ல அறிவிப்புதான். ஆனால் எங்கள் பிள்ளைகள் இறங்கும் இடத்தில் பேருந்து நடத்துநர் இன்றைக்கும் அந்தச் சொல்லைச் சொல்லித்தான் விசில் ஊதுகிறார்.

அதனால் எங்கள் பதிவேட்டில் மூன்றே கட்டங்கள். பெயர், புத்தகம், தேதி. அப்பா பெயர் இல்லை, தெரு இல்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை அவனோடு படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அதையொட்டி அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையிலான ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. மாணவர் வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, கையில் சாதிக் கயிறு கூடாது, அகரவரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்றெல்லாம் அது பரிந்துரைத்தது. அந்தப் பட்டியலைப் படித்தபோது, ஒரு பிள்ளை எங்கே உட்காருகிறது என்பதைச் சொல்ல நமக்கு ஒரு நீதிபதி தேவைப்பட்டிருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

உட்கார இடம் கிடைத்த பிறகு புத்தகம் வருகிறது. அங்கே இன்னொரு சிக்கல்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு புத்தகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வாய்விட்டுப் படிப்போம். 'டோட்டோ-சான்' அப்படித்தான் படித்தோம். பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட ஒரு ஜப்பானியச் சிறுமி, ரயில் பெட்டிகளே வகுப்பறைகளாக இருக்கும் பள்ளியில் சேரும் கதை. அந்தப் பள்ளித் தலைமையாசிரியர், பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டில் கடலிலிருந்து கொஞ்சம், மலையிலிருந்து கொஞ்சம் இருக்க வேண்டும் என்பார். படித்துக்கொண்டிருக்கும்போதே ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "மாட்டுக்கறி கடலாக்கா, மலையாக்கா?" என்று கேட்டான்.

அறையே சிரித்தது. "மலைடா, மாடு மலையிலதான மேயும்" என்று ஒரு குரல். "நம்ம ஊர்ல மலையே இல்லயே, ஏரியிலதான மேயுது. அப்போ கடலு" என்று இன்னொரு குரல். பத்து நிமிடம் நாடாளுமன்றம்போல விவாதம் நடந்தது. அது அடங்கியபோது ஒரு பிள்ளை சொன்னாள்: "ஸ்கூல்ல டீச்சர் நேத்து என்ன சாப்ட்டீங்கன்னு கேட்டா நான் சாம்பார்னுதான்கா சொல்லுவேன்." அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். மற்றவர்களும் தலையாட்டினார்கள். அவர்களும் சாம்பார்தானாம்.

ஜப்பானியப் பள்ளியின் சாப்பாட்டு டப்பாவைப் பற்றிப் படிக்கும்போது தன் வீட்டுச் சட்டியைப் பற்றிப் பேச முடிந்த பிள்ளைக்கு, தமிழில் எழுதப்பட்ட எத்தனை சிறுவர் கதைகளில் அந்த வாய்ப்புக் கிடைக்கிறது? எங்கள் பீரோவில் இருக்கும் கதைகளை ஒருமுறை பிள்ளைகளே கணக்கெடுத்தார்கள். திண்ணை வைத்த வீடுகள், கோடை விடுமுறைக்குத் தாத்தா வீட்டுக்குப் போகும் பிள்ளைகள், கிணற்றில் குளிக்கும் பையன்கள். கிணறு யாருடையது என்று எந்தக் கதையிலும் யாரும் கேட்பதில்லை. எங்கள் தெரு வருகிற கதைகள் தனியாக இருந்தன. அவற்றில்தான் அடியும் சாவும். விதிவிலக்காக மகாஸ்வேதா தேவி எழுதிய மொய்னா என்ற சபர் பழங்குடிச் சிறுமியின் கதையைப் பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள். எதற்கெடுத்தாலும் ஏன் ஏன் என்று கேட்கும் பிள்ளை அது. அந்தப் புத்தகத்தின் அட்டை இப்போது மூன்றாவது முறை மாற்றப்பட்டிருக்கிறது.

ஆக, தமிழ்ப் பிள்ளைகளின் புத்தக அலமாரியிலும் ஊரும் சேரியும் தனித்தனியாகவே இருக்கின்றன. ஊர்ப் பிள்ளைக்குச் சாகசம், துப்பறிதல், விடுமுறை. சேரிப் பிள்ளைக்குத் துயரம், விழிப்புணர்வு, முன்னேற்றம். இந்தப் பிரிவினையை ஆதிக்கச் சாதி எழுத்தாளர்கள் மட்டும் செய்யவில்லை. நல்லெண்ணத்தோடு நானும்தான் செய்திருக்கிறேன்.

என் தவற்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு ஆண்டுகள் பதிமூன்று வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் மாதம் ஒரு 'இயக்கப் புத்தகம்' படித்தாக வேண்டும் என்று வைத்திருந்தேன். அண்ணலின் வாழ்க்கை வரலாறு, அயோத்திதாசர், இரட்டைமலை சீனிவாசன். மாதக் கடைசியில் வினாடி வினா, வென்றவர்களுக்குப் பேனா. பிள்ளைகள் ஆண்டுகளை மனப்பாடம் செய்தார்கள். 'பறையன்' இதழ் எப்போது வந்தது என்று கேட்டால் 1893 என்று ஒரே குரலில் சொல்வார்கள். அந்த இதழில் அவர் எதற்காகச் சண்டை போட்டார் என்று கேட்டால் அமைதி. பள்ளிக்கூடம் திருக்குறளை என்ன செய்கிறதோ அதையே நான் அம்பேத்கருக்குச் செய்துகொண்டிருந்தேன்.

அந்தப் பிள்ளை புத்தகத்தை மூடி வைத்த நாளுக்குப் பிறகு, அம்பேத்கரின் சிறுவயதை நானே மறுபடி படித்தேன். பம்பாய் பரேலில் ஒற்றை அறை வீடு. வீட்டில் படிக்க இடமில்லாமல் பூங்காவில் போய்ப் படிக்கும் பையன். அந்தப் பூங்காவுக்கு வந்துபோன கிருஷ்ணாஜி அர்ஜுன் கேலுஸ்கர் என்ற ஆசிரியர் அவனைக் கவனிக்கிறார், புத்தகங்கள் கொடுக்கிறார். 1907-இல் அவன் மெட்ரிக் தேறியபோது, மராத்தியில் தான் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளிக்கிறார். வீட்டில் அப்பா ராம்ஜியோ, பாடப் புத்தகத்துக்கு வெளியேயும் வாசிக்கத் துடித்த மகனுக்காக மணமான மகள்களிடம் கடன் கேட்கிறார், அவர்கள் நகையை அடகு வைக்கிறார்.

இதை எத்தனையோ மேடைகளில் நாம் உழைப்பின் கதையாகச் சொல்லியிருக்கிறோம். இந்த முறை படித்தபோது எனக்கு வேறொன்று தெரிந்தது. அந்தப் பையன் பாடத்துக்கு வெளியே, மதிப்பெண் வராத எதையோ படிக்க ஆசைப்பட்டிருக்கிறான். அந்த ஆசைக்கு ஓர் அப்பாவும் ஓர் ஆசிரியரும் இடம் கொடுத்திருக்கிறார்கள். பின்னாளில் அவர் தாதரில் கட்டிய ராஜகிருகத்தைப் புத்தகங்களால் நிரப்பினார் என்றால், அதன் தொடக்கம் அந்தப் பூங்காவில் இருக்கிறது.

எங்கள் வீடுகளில் 'படிக்கிறாள்' என்றால் பாடப் புத்தகம் என்று அர்த்தம். கதைப் புத்தகத்தோடு இருந்தால் 'சும்மா உக்காந்திருக்கா'. ஒரு அம்மா, நூறு நாள் வேலை முடிந்து வந்த களைப்போடு என்னிடமே கேட்டிருக்கிறார்: "கதை படிச்சா யாரு கண்ணு மார்க் போடுவா?" அந்தக் கேள்வியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். மதிப்பெண் இல்லாவிட்டால் மகளை எங்கே அனுப்புவார்கள் என்று அவருக்குத் தெரியும். ஆனால் ஊரில் இருக்கும் பிள்ளை சும்மா படிக்கலாம், நம் பிள்ளையின் ஒவ்வொரு பக்கமும் எதற்காவது பயன்பட்டாக வேண்டும் என்றால் அதுவும் சாதியின் கணக்குதான். நம் பிள்ளைகள் ஐஏஎஸ் ஆவதற்கு முன்னால், போராளி ஆவதற்கு முன்னால், சும்மா படிக்க வேண்டும். பிடிக்காத புத்தகத்தை மூடி வைக்க வேண்டும். அது எவ்வளவு உயர்ந்த புத்தகமாக இருந்தாலும், நான் கொடுத்ததாகவே இருந்தாலும்.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். அதில் ஒன்று, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம். அதை உண்மையாக எடுத்துக்கொண்டால் தனக்கானது எது என்று சொல்லும் அதிகாரம் வாசகரிடம்தான் இருக்க வேண்டும். வாசகருக்குப் பதின்மூன்று வயது என்பதால், சேரி என்பதால், அது மாறாது.

இயக்கப் புத்தக விதியை எடுத்துவிட்டோம். வினாடி வினாவும் இல்லை. அடுத்த சில மாதங்கள் பேய்க்கதைகளும் கிரிக்கெட் வீரர்கள் வாழ்க்கையும்தான் ஓடின. எனக்குக் கொஞ்சம் கலக்கமாகத்தான் இருந்தது. பிறகு, பள்ளியில் ஓர் ஆசிரியர் சொன்ன வார்த்தையால் காயப்பட்டு வந்த பத்தாம் வகுப்புப் பையன், அவனாகவே வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் தமிழ்ப் பிரதியைக் கேட்டான். அதற்கு மறுவாரம் அம்பேத்கர் வரலாற்றைக் கேட்டான். தேவைப்படும்போது அவர்கள் அண்ணலிடம் வருவார்கள். வழி தெரிந்திருந்தால் போதும்.

கிரிக்கெட் புத்தகம் என்றதும் இன்னொருவனைச் சொல்ல வேண்டும். ஊரிலிருந்து ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், எங்கள் பையன்களோடு பந்து விளையாடிப் பழகியவன், ஆறு வாரம் தொடர்ந்து வந்தான். பாயில் படுத்துக்கொண்டு படிப்பான். ஏழாம் வாரம் அவன் அப்பா வந்தார். வாசற்படி ஏறவில்லை. தெருவில் வண்டியை நிறுத்தி, ஆரனை மட்டும் அடித்தார். பையன் புத்தகத்தை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் பிடித்தபடியே எழுந்தான். "எடுத்துட்டுப் போடா" என்றாள் எங்கள் பிள்ளை ஒருத்தி. சட்டைக்குள் செருகிக்கொண்டு போனான். பத்து நாள் கழித்து, வகுப்புத் தோழன் கையில் அது திரும்பி வந்தது. உள்ளே ஒரு துண்டுச் சீட்டு: "அடுத்தது குடுத்து விடுங்க." அன்றிலிருந்து புத்தகங்கள் அவனிடம் போய் வருகின்றன. அவன்தான் வருவதில்லை. பதிவேட்டில் அவன் பெயரை நாங்கள் அடிக்கவில்லை.

இந்தக் கட்டுரையைப் படிக்கும் தோழர்களில் பலர் தங்கள் ஊரிலும் இப்படி ஒன்று தொடங்க நினைப்பீர்கள். அதற்குமுன் ஒரு வேலை இருக்கிறது. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அதில் நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-இல் சென்னை மாகாணத்தில்தான் இயற்றப்பட்டது. அதன் வழியாக வந்த வரி அது. சேரியில் வீட்டு வரி கட்டும் ஒவ்வொரு குடும்பமும் அதைக் கட்டுகிறது. ஆகவே நாம் யாரிடமும் புத்தகம் தானம் கேட்கவில்லை, கட்டிய வரிக்குக் கணக்குக் கேட்கிறோம்.

2006-க்குப் பிறகு அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிகளில் நூலகங்கள் கட்டப்பட்டன. அவற்றில் பல இன்று பூட்டிக் கிடக்கின்றன. உங்கள் ஊராட்சியில் அந்தக் கட்டடம் எங்கே, சாவி யாரிடம், எந்த நேரம் திறக்கிறது, சேரிப் பிள்ளைகள் அங்கே போகும் வழி எது? கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. எழுதிக் கொண்டுபோய்க் கேளுங்கள். பெண் பிள்ளைகள் வரக்கூடிய நேரத்தில் திறக்கச் சொல்லுங்கள். இரவுப் பாடசாலை நடத்தும் தோழர்களே, டியூஷன் முடிந்த பிறகு அரை மணி நேரம் பிள்ளைகளைச் சும்மா விடுங்கள். எழுதும் தோழர்களே, எங்கள் தெருவில் துப்பறிய எவ்வளவோ இருக்கிறது. வந்து எழுதுங்கள்.

அதுவரை பிள்ளைகள் காத்திருக்கவில்லை. பொங்கல் விடுமுறையில் அவர்களே ஒரு கையெழுத்துப் பத்திரிகை தயாரித்தார்கள். முப்பத்திரண்டு பக்கம், ஒரே ஒரு பிரதி. யாருமே சாவாத கதை கேட்ட பிள்ளை அதில் ஒரு கதை எழுதியிருக்கிறாள். அக்காவின் பொதுத்தேர்வு ஹால் டிக்கெட்டை வீட்டு ஆடு தின்றுவிடுகிறது. தேர்வுக்கு முந்தைய இரவு முழுக்கச் சேரியே சேர்ந்து இன்னொரு நகல் எடுக்க அலைகிறது. நடுராத்திரி ஜெராக்ஸ் கடைக்காரரை எழுப்பும் இடத்தில் பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். அக்கா தேர்வு எழுதிவிடுகிறாள்.

வாசித்து முடித்ததும் ஒருவன் கேட்டான்: "ஆட்ட வெட்டிட்டாங்களா?"

"அதான் சொன்னேன்ல, யாரும் சாவ மாட்டாங்கன்னு. ஆடும்தான்" என்றாள்.

அந்தப் பத்திரிகைக்கும் எண் போட்டுப் பீரோவில் வைத்தோம். இப்போது அது அங்கே இல்லை. பதிவேட்டில் எடுத்தவர் பெயருக்கு நேரே, ஊரில் இருக்கும் அந்த ஒன்பதாம் வகுப்புப் பையனின் பெயர் இருக்கிறது. தேதி கடந்து மூன்று வாரம் ஆகிறது. அபராதம் கிடையாது என்று அவனுக்கும் தெரியும்.